பழுப்புப் பாசியில் ஒரு பச்சைத் திட்டு

பள்ளி ஆய்வகத்தில் எல்லோரும் பார்த்திருக்கும் சோதனை அது. ஒரு பீக்கரில் தண்ணீர். உள்ளே ஹைட்ரில்லா செடி. அதன்மேல் கவிழ்த்து வைத்த புனல். புனலின் காம்புக்கு மேலே நீர் நிரப்பிய சோதனைக்குழாய். கொண்டுபோய் வெயிலில் வைத்தால் செடியிலிருந்து குட்டிக் குட்டிக் குமிழ்கள் கிளம்பிக் குழாயின் உச்சியில் சேரும். "இதுதான் ஆக்சிஜன்" என்பார் ஆசிரியர். படம் வரைந்து பாகம் குறித்தால் ஐந்து மதிப்பெண். தேர்வு முடிந்ததும் பெரும்பாலானோர் அதை மறந்துவிடுவார்கள்.

மறக்காமல் வைத்திருக்கும் ஒரு கூட்டம் அமெரிக்காவில் இருக்கிறது. தூண்டில் போட்டு மீன் பிடிப்பவர்கள். அலபாமா மாநிலத்து ஏரி ஒன்றில், அக்டோபர் மாதக் காலையில் படகை இறக்கும் ஒருவருக்கு அன்று மீன் சிக்குமா சிக்காதா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது இதே ஹைட்ரில்லாவும் இதே குமிழும்தான். காரணம், அது செடிகள் சாகும் பருவம். கரையோரப் பாசி பச்சையிலிருந்து மஞ்சளாகி, மஞ்சளிலிருந்து பழுப்பாகி அழுகத் தொடங்கும் இலையுதிர் காலம். எது செத்துவிட்டது, எது இன்னும் மூச்சு விடுகிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு அந்த வருடத்தின் சிறந்த மீன்பிடி நாட்கள் அவைதான். தெரியாதவர் நாள் முழுக்கத் தூண்டில் வீசிவிட்டு, முள்ளில் சேற்றையும் சருகையும் மட்டும் இழுத்துக்கொண்டு வீடு திரும்புவார்.

இலங்கையிலிருந்து போன செடி

இந்தக் கதையில் வரும் ஹைட்ரில்லா, அமெரிக்காவுக்குச் சொந்தச் செடி கிடையாது. 1950களின் தொடக்கத்தில் மீன்தொட்டி வியாபாரத்துக்காக இலங்கையிலிருந்து கடல் கடந்து போனது. ஃப்ளோரிடாவின் டாம்பா பக்கம் ஒரு கால்வாயில் விடப்பட்ட செடி, அங்கிருந்து ஆறு, ஏரி, அணைக்கட்டு என்று பரவியது. பின்னாளில் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், அது பெங்களூர்ப் பகுதிச் செடியோடு நெருங்கி ஒத்துப்போவதைக் கண்டார்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை நம் ஊர்க் குளங்களை மூடியது என்றால், நம் பக்கத்துச் செடி அமெரிக்க ஏரிகளை மூடிப் பதில் மொய் செய்துவிட்டது.

அப்படி மூடப்பட்ட ஏரிகளில் பேர் பெற்றது அலபாமாவின் கன்டர்ஸ்வில் ஏரி. டென்னசி ஆற்றின் குறுக்கே 1939-ல் கட்டி முடிக்கப்பட்ட அணையால் உருவானது. சுமார் 69,000 ஏக்கர் பரப்பு, 75 மைல் நீளம். அந்த மாநிலத்தின் மிகப் பெரிய ஏரி. ஆற்றை நிர்வகிக்கும் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம், மலைப்பக்கத்து அணைகள் சிலவற்றில் இலையுதிர் காலத்தில் நீர்மட்டத்தைப் பல அடி இறக்கிவிடும். கன்டர்ஸ்வில்லில் ஏற்ற இறக்கம் ஆண்டு முழுக்கச் சுமார் 2 அடிதான். ஆழம் குறைந்த பரந்த தரை, அசையாத நீர்மட்டம், அடிவரை விழும் வெயில். நீர்ச்செடிக்கு வேறென்ன வேண்டும்? 1960களில் யுரேசிய மில்ஃபாயில் என்ற இறகு போன்ற செடி வந்து சேர்ந்தது. 1982-ல் ஹைட்ரில்லாவும் கண்டுபிடிக்கப்பட்டது.

அங்குள்ள தூண்டில்காரர்கள் இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்திருக்கும் ஒரே பெயர் 'கிராஸ்'. அதாவது, புல். நம் ஊர்ப் பேச்சில் பாசி.

பெரிய வாய்க்காரன்

அந்தப் பாசிக்குள் ஒளிந்திருப்பது லார்ஜ்மவுத் பாஸ். பெயரிலேயே இருக்கிறது: பெரிய வாய். வாயைத் திறந்தால் ஒரு கைமுட்டி உள்ளே போய்விடும் போலிருக்கும். பச்சை உடம்பு, பக்கவாட்டில் ஒரு கறுப்புப் பட்டை. பாசியின் நிழலில் அசையாமல் நின்று, பக்கத்தில் வரும் சிறுமீன், நண்டு, தவளை என்று எதையும் தண்ணீரோடு சேர்த்து ஒரே உறிஞ்சலில் விழுங்கிவிடும். அமெரிக்காவில் அதிகம் பேர் விரட்டும் நன்னீர் மீன் இதுதான். 1932-ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த பாஸின் எடை 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது 10 கிலோவுக்குச் சற்று மேல். உலக சாதனையான அந்த எடையைத் தொட 77 வருடங்கள் ஆயின. 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்த மீன்தான் அதற்குச் சமமாக நின்றது.

நம் ஊரில் இதற்கு ஒப்பிடச் சொன்னால் எல்லோரும் விரால் என்பார்கள். நியாயம்தான். விராலும் பாசிக்குள் பதுங்கும், தவளைக்கு ஆசைப்படும், சட்டென்று பாய்ந்து கவ்வும். ஆனால், இரண்டுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. விரால் மேலே வந்து காற்றை நேரடியாக விழுங்கி மூச்சு விடக்கூடிய மீன். குளம் கலங்கி, அழுகி, சேறாகிக் கிடந்தாலும் சமாளித்துவிடும். சந்தையில் தண்ணீர் கொஞ்சமே உள்ள பாத்திரத்தில் விரால் உயிரோடு கிடப்பது அதனால்தான். பாஸுக்கு அந்த வசதி இல்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைச் செவுள் வழியாக எடுத்தால்தான் உண்டு. அது குறைந்துபோன இடத்தில் எவ்வளவு நல்ல மறைவு இருந்தாலும் அங்கே நிற்காது.

இலையுதிர் கால மீன்பிடிப்பின் ரகசியம் மொத்தமும் இந்த ஒரு விஷயத்தில் அடங்கியிருக்கிறது.

செடி செத்தால் என்ன ஆகும்?

கோடையில் பாசி ஒரே பச்சைக் காடாக இருக்கும். வெயில் விழும் வரை ஒவ்வொரு இலையும் ஆக்சிஜனைத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருக்கும். பாஸ் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அதுதான் தூண்டில்காரருக்குத் தலைவலி. ஆயிரம் ஏக்கர் பாசியில் எந்த மூலையில் என்று தேடுவது?

செப்டம்பர் கடைசியில் நிலைமை மாறத் தொடங்கும். பகல் குறுகும். வெயில் சாய்வாக விழும். இரவுக் குளிரில் முதலில் குளிர்வது ஆழமில்லாத கரையோரத் தண்ணீர். ஹைட்ரில்லா குளிர் தாங்காத செடி. கரைப்பக்கத்தில் இருந்துதான் பெரும்பாலும் பழுக்கத் தொடங்கும். தண்டு வலுவிழந்து ஒடியும். ஒடிந்ததைக் காற்று தள்ளிக்கொண்டு போய் ஏதோ ஒரு மூலையில் பாய் போலச் சேர்க்கும். மில்ஃபாயிலும், கூன்டெயில் என்ற இன்னொரு செடியும் குளிரைக் கூடுதலாகத் தாங்கும். அதனால் ஒரே இடத்தில் பழுப்பும் பச்சையும் கலந்து கிடக்கும்.

இங்கேதான் அந்த ஐந்து மதிப்பெண் பாடம் தலைகீழாகிறது. உயிருள்ள செடி ஆக்சிஜனைக் கொடுக்கும். செத்த செடி கொடுக்காது என்பது மட்டுமில்லை, இருப்பதையும் எடுத்துக்கொள்ளும். அழுகும் செடியைத் தின்று மட்க வைக்கும் நுண்ணுயிரிகளுக்கு ஆக்சிஜன் தேவை. சருகு எவ்வளவு அதிகமோ அவ்வளவு பசி அவற்றுக்கு.

கணக்கைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். 30 டிகிரி செல்சியஸ் தண்ணீர், லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் அளவுக்குத்தான் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 15 டிகிரிக்குக் குளிர்ந்தால் 10 மில்லிகிராம் வரை வைத்துக்கொள்ளும். ஆக, இலையுதிர் காலத்தில் மீனுக்கு மூச்சு வசதி கூட வேண்டும். திறந்த நீரில் அப்படித்தான் கூடுகிறது. ஆனால், அழுகும் பாசிப் பாய்க்கு அடியில் கதையே வேறு. காற்று அலைக்கவும் வழியில்லை, வெயில் உள்ளே விழவும் வழியில்லை. பாஸ் நிம்மதியாக இருக்க லிட்டருக்கு 5 மில்லிகிராம் வேண்டும். 3-க்குக் கீழே போனால் இடத்தைக் காலி செய்துவிடும்.

எங்கே போகும்? ஆழத்துக்குப் போகலாமே என்று தோன்றும். ஆனால் அக்டோபரில் அதற்கு மனம் வராது. மத்தி மீனுக்குத் தூரத்துச் சொந்தமான ஷாட் என்ற சிறுமீன்கள், தண்ணீர் குளிரக் குளிர ஏரியின் நடுவிலிருந்து ஓடை முகத்துவாரங்களுக்கும் அவற்றின் உட்பகுதிகளுக்கும் கூட்டம் கூட்டமாக நகர்கின்றன. குளிர்காலத்துக்கு முன் வயிற்றை நிரப்பிக்கொள்ளும் பாஸ் அவற்றின் பின்னாலேயே வருகிறது. சாப்பாடு ஆழமில்லாத பகுதியில். அங்கே மறைவுக்கு இருப்பது சாகும் பாசி. அந்தச் சாகும் பாசிக்குள் மூச்சு விடும்படி இருப்பது, மிச்சமிருக்கும் சில பச்சைத் திட்டுகள். கோடையில் ஆயிரம் ஏக்கரில் சிதறிக் கிடந்த மீன்கள் இப்போது அந்தத் திட்டுகளில் வந்து நெருக்கியடிக்கின்றன.

இன்னொரு லாபமும் உண்டு. கோடையின் அடர்ந்த பாசி, சிறுமீன்களுக்குப் பாதுகாப்பான கோட்டை. பெரிய உடம்போடு பாஸ் உள்ளே நுழைந்து துரத்த முடியாது. பாசி மிக அடர்ந்த ஏரியில் பாஸ் கண்ணெதிரே சாப்பாட்டை வைத்துக்கொண்டு மெலிந்து கிடப்பதும் உண்டு. இலையுதிர் காலத்தில் பாசி மெலியும்போது கோட்டைச் சுவரில் சந்துகளும் ஓட்டைகளும் விழுகின்றன. ஒளிந்திருந்தவை வெளியே தெரிகின்றன. பதுங்கவும் இடம், பாயவும் இடம். பாஸுக்கு இதைவிட நல்ல பந்தி வருடத்தில் வேறு நாளில் அமையாது.

கண், கை, காது

சரி, நல்ல பாசியை எப்படிக் கண்டுபிடிப்பது? மேலே இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பழுப்பாகத்தான் தெரியும். அனுபவசாலிகள் மூன்று வழிகளை நம்புகிறார்கள்.

முதலாவது, கண். நீரின் கூசும் ஒளியை வடிகட்டும் போலரைஸ்டு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாயின் மேற்பரப்பைப் பார்க்காமல் அதன் விளிம்பையும் அடியையும் பார்ப்பார்கள். மேலே காய்ந்த சருகு மிதந்தாலும் அடியில் தரையோடு வேர்பிடித்த பச்சைத் தண்டு நிற்கக்கூடும். அது பந்தல் போல: மேலே கூரை, கீழே மூச்சு விடும் தூண்கள். அதேபோல் மேலே பார்க்கச் செழிப்பாக இருக்கும் ஒரு பாய், வேறெங்கோ ஒடிந்து காற்றில் வந்து ஒதுங்கிய குப்பையாகவும் இருக்கலாம். அதற்கு அடியில் தரையில் எதுவுமே இருக்காது.

இரண்டாவது, கை. ஒவ்வொரு முறை தூண்டில் முள்ளில் பாசி மாட்டி வரும்போதும் சலித்துக்கொண்டு உதறி எறிவது பழக்கமில்லாதவர் வேலை. பழகியவர் அதை விரலில் எடுத்துப் பார்ப்பார். மொறுமொறுவென்று ஒடிந்தால் நல்ல செடி. நசுக்கினால் கொழகொழவென்று வழுக்கி, அழுகல் நாற்றம் அடித்தால் படகை நகர்த்த வேண்டிய நேரம் வந்துவிட்டது.

மூன்றாவது, காது. மோட்டாரை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்தால், சில பாய்களுக்கு அடியிலிருந்து 'டப்... டப்... பொட்' என்று ஒரு சத்தம் வரும். வாணலியில் பொரி பொரிவது போல. ப்ளூகில் என்ற சிறுமீன்கள் பாசியின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் பூச்சிகளையும் நத்தைகளையும் உறிஞ்சித் தின்னும் சத்தம் அது. சிறுமீன் இருக்கும் இடத்தில் ஆக்சிஜன் இருக்கிறது. சிறுமீன் இருக்கும் இடத்துக்குப் பெரிய மீன் வராமல் இருக்குமா? சத்தமே இல்லாத பாயில் ஒரு மணி நேரம் செலவிடுவதைவிட, பொரியும் பாயில் பத்து நிமிடம் நிற்பது மேல் என்பது அங்கே பலரும் பின்பற்றும் வழக்கம்.

நேரமும் முக்கியம். மீன் பிடிக்க விடியற்காலைதான் உகந்தது என்று உலகம் முழுக்க ஒரு நம்பிக்கை இருக்கிறது. சாகும் பாசியில் அது பல நாள் பொய்த்துப்போகும். இரவில் ஒளிச்சேர்க்கை கிடையாது. செடியும் மீனும் நுண்ணுயிரியும் எல்லாம் ஆக்சிஜனைச் செலவழிக்க மட்டுமே செய்யும். அதனால் பாசிக்குள் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பது விடியும் நேரத்தில். வெயில் ஏறி, மிச்சமிருக்கும் பச்சை இலைகள் வேலை செய்யத் தொடங்கிய பிறகு, பிற்பகலில்தான் அது உச்சத்துக்குப் போகும். காலையில் பாயின் வெளி விளிம்பில் திரியும் பாஸ், வெயில் ஏறியதும் பாய்க்கு அடியில் புகுந்துகொள்ளும். மேகமூட்டமான நாளில் விளிம்பிலேயே உலாவும். இதைத் தெரிந்தவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் கரையேற மாட்டார்.

ரப்பர் தவளை

பாய்க்கு மேல் வீசுவதற்கென்றே ஒரு போலி இரை இருக்கிறது. உள்ளே வெற்றிடமான, மெத்தென்ற ரப்பர் தவளை. இரண்டு முட்கள் அதன் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருக்கும். அதனால் பாசியில் மாட்டாது. பாஸ் கவ்வி நசுக்கும்போதுதான் முள் வெளியே நீட்டும். பாயின் மேல் தத்தித் தத்தி இழுத்து, நடுவில் ஓட்டை தெரியும் இடத்தில் இரண்டு விநாடி நிறுத்துவார்கள். அப்போது பாய் வெடித்தது போல் தண்ணீர் எகிறும்.

இந்த இடத்தில்தான் பாதிப் பேர் மீனை விடுகிறார்கள். சத்தம் கேட்டதும் பதறிக் கம்பை இழுத்தால் தவளை மட்டும் பறந்து வரும். பாசி வழியாகப் பாயும் மீன் பல நேரம் குறி தவறும். சில நேரம் தவளையைப் பாதிதான் கவ்வியிருக்கும். ஒரு மூச்சு பொறுத்து, நரம்பில் கனம் தெரிந்த பிறகு ஓங்கி இழுக்க வேண்டும். சொல்வது சுலபம். இருபது வருடம் மீன் பிடித்தவரும் அந்தச் சத்தத்தில் பதறுவார்.

பாசியோடு சேர்த்து மீனைத் தூக்க வேண்டியிருப்பதால் சாதாரண நைலான் நரம்பு இங்கே தாங்காது. 50 முதல் 65 பவுண்டு வரை தாங்கும் பின்னல் நரம்பும், 7 அடிக்கு மேற்பட்ட விறைப்பான கம்பும் பயன்படுத்துகிறார்கள். தவளையைச் சீண்டாத நாளில், ஒன்று அல்லது ஒன்றரை அவுன்ஸ் எடையுள்ள டங்ஸ்டன் குண்டைக் கட்டி, கூரையைப் பொத்துக்கொண்டு இரையை நேரே உள்ளே இறக்குவதும் உண்டு. பாசி மெலிந்து, உச்சி தண்ணீருக்குள் அமிழ்ந்து கிடக்கும் இடங்களில், உள்ளே குண்டுமணிகள் கிலுகிலுக்கும் மீன் வடிவ இரையை வீசுவார்கள். அது பாசியில் இலேசாக மாட்டும்; வெடுக்கென்று சுண்டி விடுவிக்க வேண்டும். மாட்டி விடுபடும் அந்தக் கணத்தில்தான் பெரும்பாலும் பாஸ் அடிக்கும். அந்தச் சுண்டலுக்கு இன்னொரு பலனும் உண்டு: பச்சைப் பாசி பட்டென்று விட்டுவிடும். அழுகிய பாசி முள்ளைச் சுற்றிக்கொண்டு கூடவே வரும். எந்த இடம் உயிரோடிருக்கிறது என்பதை இரையே சொல்லிவிடும்.

பிடித்தபின் என்ன?

கன்டர்ஸ்வில் ஏரிக்குப் போட்டி மீன்பிடிப்பில் பெரிய பெயர். பாஸ்மாஸ்டர் கிளாசிக் என்ற புகழ்பெற்ற போட்டி 1976 நவம்பரில் இங்கேதான் நடந்தது. வென்றவர் ரிக் கிளன். பிற்பாடு மொத்தம் நான்கு முறை அந்தப் பட்டத்தை வாங்கியவர். 2014-லும் 2020-லும் போட்டி மறுபடி இந்த ஏரிக்கு வந்தது.

இவ்வளவு பேர் பிடித்தும் மீன் தீராமல் இருக்க ஒரு காரணம், 1972-ல் வந்த ஒரு மாற்றம். போட்டியைத் தொடங்கிய ரே ஸ்காட், பிடித்த மீனை உயிரோடு எடை போட்டு ஏரியிலேயே விட்டுவிட வேண்டும் என்ற வழக்கத்தைக் கொண்டுவந்தார். அதுவரை போட்டி முடிந்ததும் மீன்களைக் குவித்துப் படமெடுப்பதுதான் பெருமை. இன்று பெரிய பாஸைக் கொல்வதை அங்கே பலர் அநாகரிகமாகவே பார்க்கிறார்கள். ஈரக் கையால் பிடிப்பது, உடம்பின் வழுவழுப்பைத் துடைக்காமல் இருப்பது, கனமான மீனைத் தாடையில் மட்டும் தொங்கவிடாமல் வயிற்றுக்கும் கை கொடுப்பது, சீக்கிரம் விடுவது என்று சிறுவர்களுக்கும் சொல்லித் தருகிறார்கள். இலையுதிர் காலத்தில் கூடுதலாக ஒன்று: மீனை அழுகல் பாய்க்கு அடியில் விடாமல், தெளிந்த தண்ணீரில் விட வேண்டும். களைத்த மீனுக்கு முதலில் தேவை மூச்சு.

பாசி வேண்டுமா, வேண்டாமா?

தூண்டில்காரருக்குப் பாசி தங்கம். கரையில் வீடு கட்டியிருப்பவருக்கு அது தொல்லை. படகுத் துறை அடைபடும். மோட்டாரின் விசிறியில் சுற்றும். குழந்தைகள் நீந்த முடியாது. வறட்சியால் தண்ணீர் தெளிந்து கிடந்த ஆண்டுகளில் பாசி பெருகிப் பெருகி, 1988-ல் கன்டர்ஸ்வில்லில் சுமார் 20,000 ஏக்கரை மூடியது. ஏரியில் கால் பங்குக்கும் மேல். 1990-ல் இனப்பெருக்கம் செய்ய முடியாத புல்கெண்டைகள் சுமார் ஒரு லட்சம் விடப்பட்டன. களைக்கொல்லியும் அடித்தார்கள். பாசி குறைந்தது; மீன் பிடிப்பவர்கள் கவலைப்பட்டார்கள். பின்னர் பாசி மறுபடி தலைகாட்டியது, கரைவாசிகள் கவலைப்பட்டார்கள். அந்த இழுபறி இன்னும் முடியவில்லை.

இதற்கு நடுவே இன்னொரு ஏரியிலிருந்து ஒரு கெட்ட செய்தி. 1994-95 குளிர்காலத்தில் ஆர்கன்சா மாநிலத்தின் டிகிரே ஏரியில் 29 வெண்தலைக் கழுகுகள் செத்து விழுந்தன. அமெரிக்காவின் சின்னமான அதே கழுகு. மூளையில் ஓட்டை ஓட்டையாகச் சேதம். காரணம் தெரிய கால் நூற்றாண்டு ஆனது. ஹைட்ரில்லா இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டி வளரும் ஒரு வகை நீலப்பச்சைப் பாசி நஞ்சை உண்டாக்குகிறது. அந்த இலையைத் தின்னும் நாமக்கோழி தள்ளாடுகிறது. தள்ளாடும் நாமக்கோழியைச் சுலபமாகப் பிடித்துத் தின்னும் கழுகு சாகிறது. அந்த நஞ்சு எதுவென்று 2021-ல்தான் உறுதியானது. கழுகுகள் விழத் தொடங்குவதும் இலையுதிர் காலக் கடைசியில்தான். எல்லா ஹைட்ரில்லாவிலும் அந்த நஞ்சு இருப்பதில்லை. இருந்தாலும், பாசி இருப்பதெல்லாம் நல்லது என்று தூண்டில்காரரும் இனிச் சொல்ல முடியாது.

பாஸுக்கும் பாசி நிறைந்த ஏரி உதவாது. பாசியே இல்லாத ஏரியும் உதவாது. பச்சையும் வெட்டவெளியும் கலந்த ஏரியில்தான் அது கொழுக்கிறது. இலையுதிர் காலம் சில வாரங்களுக்கு அந்தக் கலவையைத் தானாகவே உண்டாக்கிக் காட்டுகிறது. ஏரியை நிர்வகிப்பவர்கள் வருடம் முழுக்க அதே கலவைக்குத்தான் பாடுபடுகிறார்கள்.

கரையேறும்போது

நவம்பர் முடிவதற்குள் அந்தக் கடைசிப் பச்சையும் பெரும்பாலும் போய்விடும். ஹைட்ரில்லா ஒழிந்தது என்று தோன்றும். ஒழியாது. பகல் குறுகத் தொடங்கியபோதே அது சேற்றுக்குள் சின்னச் சின்னக் கிழங்குகளை வைத்துவிட்டது. மேலே செடி அழுகினாலும், மருந்து அடித்தாலும், கிழங்கு வருடக்கணக்கில் மண்ணுக்குள் காத்திருந்து முளைக்கும். கிழங்குகூட வேண்டாம், ஒடிந்த ஒரு துண்டுத் தண்டு ஈரத்தோடு வேறு ஏரிக்குப் போனாலும் போதும்.

அதனால்தான் அமெரிக்க ஏரிக்கரைகளில் படகு இறக்கும் இடங்களில் ஒரே அறிவுரை திரும்பத் திரும்ப எழுதிவைக்கப்பட்டிருக்கிறது: சுத்தம் செய், தண்ணீரை வடி, காயவை. படகின் அடி, மோட்டாரின் விசிறி, படகை இழுக்கும் வண்டியின் சக்கர இடுக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒட்டியிருக்கும் பாசியைப் பிய்த்துக் கரையில் காய்ந்த இடத்தில் போட வேண்டும். வீட்டு மீன்தொட்டியைக் கழுவுபவர்களுக்கும் இதுவே பொருந்தும். தொட்டிச் செடியைக் குளத்திலோ வாய்க்காலிலோ வீசாமல், வெயிலில் நன்றாகக் காயவைத்துக் குப்பையில் போடலாம். டாம்பாவில் ஒரு கால்வாயில் விட்ட செடிக்குத்தான் இத்தனை வருடமாகக் கணக்குத் தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நாள் முழுக்கத் தேடி அலைந்த பச்சைத் தண்டு ஒன்று, மாலையில் வண்டிச் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். நல்ல தூண்டில்காரர் குனிந்து அதை எடுத்துப் போட்டுவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவார்.